ஈற்றடி எழுதியவள்

எனக்கு யார்மீதும் நம்பிக்கை கிடையாது. மீன் வண்டிக்காரனின் தராசு, மாடியில் ஓடும் மின்சார மீட்டர், கோயிலில் திடீரென்று இரண்டாவது உண்டியல் வைத்த பாதிரியார், எல்லாரையும் ஒரு கண் சுருக்கித்தான் பார்ப்பேன். என் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் அவர் ஞாயிற்றுக்கிழமை முகச்சவரம் செய்துகொண்டால்கூட எதற்கு என்று யோசித்திருக்கிறேன். எங்கள் மலைக் கிராமமான குவெஸ்தா லார்காவில் வாசல் கதவுக்கு மூன்று பூட்டு போட்டிருப்பது என் வீட்டில் மட்டும்தான். ஊரார் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறைச் சாவிக்கொத்து என் இடுப்பில் தொங்கியது, ஒரு டப்பா பட்டாணி காணாமல் போனதில்லை.

அதனால்தானோ என்னவோ, மரவள்ளி விழாக் கமிட்டித் தலைவர் ஒஸ்வால்டோ தன் மருந்துக் கடைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்தார். அது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. விழாவில் புதுக் குரல்களுக்கு என்று ஒரு போட்டி உண்டு. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பாட்டுக்காரர்கள் அதில் பாடலாம். எங்கள் மலைப் பாட்டுக்குப் பத்து வரி, வரிக்கு எட்டு அசை, உயிரோசை ஒன்றுக்கு ஒரு அசை. அந்தப் பத்தில் கடைசி வரியை மேடையில் ஒரு தொப்பியிலிருந்து சீட்டு எடுத்துத்தான் கொடுப்பார்கள். குவாத்ரோ என்கிற சின்னக் கிட்டார் ஒரு சுற்று ஒலித்து முடிப்பதற்குள் பாடகர் மற்ற ஒன்பது வரியையும் மனசுக்குள் கட்டி, அந்த ஈற்றடியில் கொண்டுபோய் இறக்க வேண்டும். இறக்கத் தெரியாதவன் வீட்டுக்குப் போகலாம். அந்த ஈற்றடிகளை எழுதித் தருகிறவள் நான்தான். இது எனக்கும் ஒஸ்வால்டோவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

நான் மேசை போட்டு உட்கார்ந்து எழுதுகிறவள் இல்லை. என் விரல்கள் தாமாக எண்ணும். எங்கள் ஊரில் பாட்டோடு வளர்ந்தவர்கள் நிறையப் பேருக்கு இந்த வியாதி இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் முற்றிப்போயிருக்கிறது. ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒருத்தி, "என் பேர் அந்தப் பட்டியல்ல" என்று முனகுவாள், என் கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஓடி எட்டு என்று நிற்கும். புயல் வந்துபோய் இத்தனை வருஷமாகியும் "பாலம் இன்னும் கட்டலியே" என்று பஸ்ஸில் ஒருவர் அலுத்துக்கொள்வார், அதுவும் எட்டு. பையில் இருக்கும் ரசீதின் முதுகில் கிறுக்கிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து நல்ல தாளில் எழுதிவிட்டு ரசீதை அடுப்பில் போட்டுவிடுவேன். யார் வாயிலிருந்து வந்தது என்று குறித்து வைப்பதில்லை. குறித்து வைத்தால் அது நாளைக்கு எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்பது என் எண்ணம்.

இந்த வருஷம் ஒரு சிக்கல் வந்தது. என் தங்கை மகள் யாரிமார் போட்டிக்குப் பேர் கொடுத்தாள். பத்தொன்பது வயது, பக்கத்து வீடு. காலையில் பல் தேய்க்கும்போதே பாடத் தொடங்குகிற பெண். இங்கே ஜெயிக்கிறவர் டிசம்பரில் தலைநகரில் நடக்கும் தீவு முழுவதுக்குமான போட்டிக்குப் போவார். அங்கே ஒரு முறை மேடை ஏறிவிட்டால் அப்புறம் கல்யாணம், கோயில், வானொலி என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். யாரிமாருக்கு அது ஒன்றுதான் வேண்டும். கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலையிலிருந்து அவள் தப்பிக்க வேறு வழி இல்லை.

விதிப்படி, ஈற்றடி கொடுப்பவருக்கு நெருங்கிய சொந்தம் எவரும் போட்டியில் பாடக் கூடாது. நான் ஒஸ்வால்டோவிடம் போய், "இந்த வருஷம் வேற ஆளப் பாத்துக்கங்க" என்றேன்.

"வேற யாரு எழுதுவா? நானா? எனக்கு மருந்துச் சீட்டுதான் எழுத வரும்" என்றார் அவர். "உன் வாய் பூட்டு போட்ட வாய். நீயா சொல்லப்போற? நானா சொல்லப்போறேன்? பேசாம எழுதிக் குடு."

விட்டிருக்கத்தான் வேண்டும். ஆனால் வேறு எவனோ சொத்தை வரிகளை எழுதித் தொப்பியில் போடுவதை நினைத்தால் எனக்கு வயிறு எரிந்தது. இருபத்துநான்கு வரி எழுதி, உறையை மெழுகால் ஒட்டிக் கொடுத்தேன். யாரிமாரிடம் மூச்சு விடவில்லை. அவள் வீட்டுக்கு வந்தால் எழுதும் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

சனிக்கிழமை அரையிறுதி. ஒன்பது பேரில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருத்தி யாரிமார். இன்னொருவன் ஆனிபால்.

ஆனிபாலுக்கு இருபத்தொரு வயது. டயர்க் கடையில் பஞ்சர் ஒட்டுகிறான். அவனும் அவன் அம்மா மிர்தாவும் வடக்கே அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில் பல வருஷம் இருந்துவிட்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் இங்கே வந்தார்கள். பனிக்கட்டியில் வளர்ந்த பையனுக்குப் பத்து வரிப் பாட்டு எங்கேயிருந்து வந்தது என்ற கேள்வி எனக்கு முதல் நாளே எழுந்தது. யாரோ சொன்னார்கள், அவன் அப்பா அங்கே ஒரு நிலவறையில் ஞாயிறுதோறும் பாட்டு வைப்பாராம். சொல்லுவார்கள். நிலவறையை யார் போய்ப் பார்த்தது?

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு இறுதிப் போட்டி. கோயிலுக்கு எதிரே சதுக்கத்தில் மேடை. ஒரு பக்கம் பன்றி சுடுகிற புகை, ஒரு பக்கம் மலை மேல் கருத்துக்கொண்டிருந்த மேகம். நான் கடைசி வரிசையில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் உதடு அசைவதை யாரும் பார்த்துவிடக் கூடாது. குவாத்ரோக்காரரும், கிட்டார்க்காரரும், காய்ந்த சுரைக்குடுக்கையைச் சுரண்டித் தாளம் போடுகிறவரும் தயாராக நின்றார்கள். மரவள்ளி ராணி என்று கிரீடம் வைத்த பெண் வைக்கோல் தொப்பிக்குள் கை விட்டு முதல் சீட்டை எடுத்தாள்.

யாரிமாருக்கு வந்தது, "காப்பி தானாய் ஆறிப்போச்சு." அவள் கண்ணை மூடி ஒரு சுற்று முழுக்கக் கேட்டாள். பிறகு பாடினாள். விடியற்காலையில் காப்பி போட்டு வைத்துவிட்டுப் புருஷனை எழுப்பப் போகிற ஒருத்தியின் பாட்டு. புருஷன் எழுந்திருக்கவில்லை. ஏழாவது வரியில் ஒரு அசை தடுக்கியது, ஆனாலும் ஈற்றடியில் சரியாக வந்து இறங்கினாள். ஜனங்கள் நன்றாகக் கைதட்டினார்கள். ஜெயித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்து ஆனிபால். ராணி சீட்டைப் பிரித்துப் படித்தாள். "கதவைத் தாழ்ப்பாள் போடாதே."

அவன் முகம் மாறியது. அதை நான் தெளிவாகப் பார்த்தேன். புது வரியைக் கேட்டவன் நெற்றியைச் சுருக்குவான், மேலே பார்ப்பான், விரலை மடக்குவான். இவன் தெரிந்த ஆளைத் தெருவில் பார்த்தவன்போல் பார்த்தான். குவாத்ரோ பாதிச் சுற்றுகூட வாசிக்கவில்லை, கை காட்டி நிறுத்திவிட்டுப் பாடத் தொடங்கினான். கடைசி நாலு வரி இப்படி இருந்தது:

எங்கோ பனியில் நிற்கிறான்,
சாவி இல்லை அவனிடம்.
காற்று வந்தால் வரட்டுமே,
கதவைத் தாழ்ப்பாள் போடாதே.

ஒரு அசை பிசகவில்லை. சதுக்கமே எழுந்து நின்றது. பன்றி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். அரைச் சுற்றுக்குள் எந்த மனிதனும் இதைக் கட்ட முடியாது. இவன் வாரக்கணக்கில் வீட்டில் வைத்து இழைத்து இழைத்துக் கொண்டுவந்திருக்கிறான்.

என்னிடமிருந்து போகவில்லை. அப்படியானால் ஒஸ்வால்டோவிடமிருந்துதான் போயிருக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, போன வாரம் அவருடைய வண்டியில் நாலு சக்கரத்துக்கும் புது டயர் மின்னியது. டயர்க் கடையில் யார் வேலை செய்கிறான்? இதற்கு மேல் என்ன வேண்டும்? மேடைக்குப் பின்னால் இருந்த கூடாரத்துக்கு விறுவிறு என்று நடந்தேன்.

மூன்று நடுவர்களும் மதிப்பெண் கூட்டிக்கொண்டிருந்தார்கள். "புகார் சொல்லணும்" என்றேன். "முடிவு அறிவிக்கறதுக்கு முன்னாடி யார் வேணும்னாலும் சொல்லலாம்னு விதி இருக்கு. அந்தப் பையனுக்கு வரி முன்னாடியே தெரியும்."

அவர்களோடு நின்ற ஒஸ்வால்டோ என்னை ஒரு மூலைக்கு இழுத்துப்போனார். "உனக்குப் பைத்தியமா? வரி இருந்தது உன்கிட்டயும் என்கிட்டயும்தான்."

"அதான் நானும் சொல்றேன். டயர் நல்லா இருக்கு."

"என்ன டயர்?"

"உங்க வண்டி டயர்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது கீழ் ஊர்ல வாங்கினது. பில்லு வண்டியிலயே இருக்கு, காட்டட்டுமா? ஒன்பது வருஷமா உன்னை நம்பி உறையை வாங்கறேன் எடுவினா, ஒரு நாள் பிரிச்சுப் பாத்ததில்ல. நீ என்னைப் பாத்து இதைக் கேக்கற."

அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. நான் அதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆனிபாலைக் கூப்பிட்டார்கள். நகத்தில் டயர்க் கறுப்பு போகாமல், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றான். ஒஸ்வால்டோ கேட்டார்: "தம்பி, இந்த வரியை நீ இதுக்கு முன்னாடி கேட்டிருக்கியா?"

"கேட்டிருக்கேனே" என்றான் அவன்.

நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான், "பாத்தீங்களா" என்றேன்.

"எங்க வீட்டுல தினம் கேக்கறதுதான். அம்மா சொல்றது. தொப்பியில எப்படி வந்துச்சுன்னு எனக்கே புரியல. வேணும்னா அம்மாவைக் கேளுங்க, ரொட்டிக் கடையிலதான் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை லீவு குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

"நல்ல கதை" என்றேன். "உங்க அம்மா எட்டு எட்டு அசையாத்தான் பேசுவாங்களோ?"

"சிலநேரம் ஏழும் வரும்" என்றான். ஒரு நடுவர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நடுவர்கள் பேசி முடிவெடுத்தார்கள். ஆறு மணி வரை முடிவை நிறுத்திவைப்பது. அதற்குள் பையன் சொல்வது உண்மை என்று தெரியாவிட்டால் அவனை நீக்கிவிட்டு யாரிமாரை அறிவிப்பது. யாரை அனுப்பி விசாரிப்பது என்று அவர்கள் யோசிக்கும் முன்பே, "நானே போறேன்" என்றேன். மற்றவர்கள் போனால் ஒரு காப்பியில் மயங்கிவிடுவார்கள். சொந்தம் என்றாலும் ஊரில் என் சொல்லுக்கு மதிப்பு உண்டு, சரி என்றார்கள். கிளம்பும்போது ஆனிபாலிடம் கையை நீட்டினேன். "போனைக் குடு. நான் போறதுக்குள்ள அம்மாவுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துடுவ."

அவன் எடுத்துக் கொடுத்தான். மேடைக்காக அதன் ஓசையை அடக்கி, அதிர மட்டும் வைத்திருந்தான். கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். சதுக்கத்தின் ஓரத்தில் யாரிமார் கிட்டார்ப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ன பெரியம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "உனக்கு நல்லதுதான் ஆகுது, சும்மா இரு" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ரொட்டிக் கடையில் கூட்டம் இல்லை, ஊரே சதுக்கத்தில் இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் மிர்தா மட்டும். எலும்பும் தோலுமாக ஒரு பெண், தலையில் வலை. வாரத்துக்கு நாலு தடவை அவளிடம் ரொட்டி வாங்குகிறேன், ஒரு தடவைகூட அவள் கொடுத்த சில்லறையை எண்ணாமல் வாங்கியதில்லை.

"வாங்கக்கா. போட்டி முடிஞ்சுதா? எம் பையன் எப்படிப் பாடினான்?"

"இன்னும் முடிவு வரல" என்றேன். நேரடியாகக் கேட்டால் உஷாராகிவிடுவாள். காப்பி ஒன்று கேட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்து, எந்தப் பக்கமாகப் பேச்சை வளைப்பது என்று யோசித்தேன்.

"உங்க தங்கச்சி மகளும் கடைசி வரைக்கும் வந்திருக்காளாமே. ஆனிபால் சொன்னான், அந்தப் பொண்ணு பாடினா அடுப்படியிலயே நிக்கற மாதிரி இருக்கும்மா, நான் தோத்தா அவகிட்டத்தான் தோக்கணும்னு." காப்பியை வைத்துவிட்டு அவள் கை துடைத்தாள். "ஒரு நிமிஷம்க்கா, அவனுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துடறேன். மேடையில இருப்பான், எடுக்க மாட்டான். சேதி சொல்லி வச்சா அப்புறம் கேப்பான்."

கடைப் போனை எடுத்து எண்களை அழுத்தினாள். என் மடியில் இருந்த கைப்பை நடுங்கத் தொடங்கியது. நான் இரண்டு கையாலும் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குக் கேட்டுவிடுமோ என்று பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தபடி காத்திருந்தாள். நடுக்கம் நின்றது. அவள் பேசினாள்.

"கண்ணு, அம்மாதான். பாடிட்டியா? ஜெயிச்சாலும் தோத்தாலும் சாப்பிடு. சாதமும் அவரையும் அடுப்பு மேல இருக்கு. நான் வர ஒன்பதாகும். நீ எனக்காக முழிச்சிருக்காத, படு. கதவத் தாழ்ப்பாள் போடாதே."

பையின் மேல் இருந்த என் கட்டைவிரல் தானாக ஓடி எட்டில் நின்றது.

இதே மேசை. பிப்ரவரியோ மார்ச்சோ, மழை நாள். குடை காயட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் இப்படித்தான் முதுகைக் காட்டி நின்று போனில் பேசினாள். ரொட்டி வாங்கிய ரசீதின் பின்னால் நான்தான் எழுதினேன். யார் சொன்னது என்று குறித்துக்கொள்ளாமல், வீட்டுக்குப் போய் அடுப்பில் போட்டேன். நாள் போகப் போக அது என் மண்டையில் பிறந்த வரி என்றே நம்பிவிட்டேன். இருபத்துநான்கில் எனக்கு ரொம்பப் பிடித்த வரியே அதுதான்.

வெட்கத்தில் காது சுட்டது. என்றாலும் பழக்கம் விடவில்லை, கேட்டேன்: "எதுக்கு மிர்தா தாழ்ப்பாள் வேண்டாம்கற? திருடன் வரமாட்டானா?"

"வந்தா எதை எடுப்பான், பஞ்சர் ஒட்டுன டயரையா?" சிரித்தாள். பிறகு தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருக்கான்க்கா, ரூபென்னு. அங்க இருக்கறப்பவே அப்பாவோட சண்டை போட்டுட்டுப் போயிட்டான். நாலு வருஷமாச்சு. அவரு செத்தது அவனுக்குத் தெரியுமோ என்னவோ. நாங்க இங்க வந்துட்டோம்னு யாராவது சொல்லியிருப்பாங்க, வருவான். வந்தா இந்த வீட்டுச் சாவி அவன்கிட்ட ஏது? தட்டறதுக்குக் கூச்சப்படுவான், அவன் சுபாவம் எனக்குத் தெரியும். பூட்டியிருந்தா அப்படியே திரும்பிப் போயிடுவான்."

நான் காப்பியைக் குடித்தேன். என்ன ருசி என்று தெரியவில்லை. எழுந்தபோது, "உங்க பொண்ணும் நல்லா வரட்டும்க்கா" என்று சொல்லிப் சர்க்கரை தூவிய பால் ரொட்டி ஒன்றைப் பொட்டலம் கட்டித் தந்தாள், காசு வாங்கவில்லை.

சதுக்கத்துக்குத் திரும்ப ஏழு நிமிஷ நடை. நான் அதை அரை மணி நேரம் நடந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த வரி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எழுதினவள் நான் என்று சொல்ல வேண்டும். எழுதினவள் பெரியம்மா என்றால் பாடினவள் யார்? விதிப்படி யாரிமார் அந்த நிமிஷமே வெளியே. வெளியே போனாலாவது பரவாயில்லை, நேற்றும் இன்றும் அவள் பாடியதெல்லாம் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது என்று ஊர் பேசும். ஊர் என்ன ஊர், நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நானே முதலில் பேசியிருப்பேன்.

கூடாரத்துக்கு வெளியே ஒஸ்வால்டோவைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒண்ணு பண்ணலாம். போய்க் கேட்டேன், அந்தம்மா ஒண்ணும் தெளிவாச் சொல்லலன்னு சொல்லிடு. பையன் சின்னவன், அடுத்த வருஷம் பாடலாம். யாரிமார் டிசம்பருக்குப் போயிடுவா. உன் பேரும் வெளிய வராது, என் பேரும் வராது."

"அவனைத் திருடன்னு சொல்லி அனுப்பறதா?"

"திருடன்னு சொன்னது நானா?" என்றார்.

அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். யாரிமார் தலைநகர் மேடையில் நிற்பதை ஒரு கணம் பார்த்தும்விட்டேன். அப்போது பை மறுபடியும் நடுங்கியது. மிர்தா இன்னொரு தடவை கூப்பிடுகிறாள், முடிவு வந்ததா என்று கேட்க. எடுத்து என்ன சொல்வேன்? உன் மகன் உன் வார்த்தையைத் திருடிவிட்டான் என்றா?

யாரிமார் இருபதடி தள்ளித்தான் நின்றாள். அவளிடம் முதலில் சொல்லலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. அழுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள், என் மனசு இளகிவிடும். வேண்டாம் என்று நேரே மேடைப் படியில் ஏறினேன். அறிவிப்பாளர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன்.

"நான் எடுவினா ரொசாடோ. உங்க எல்லாருக்கும் நான் போட்ட சாப்பாடு தெரியும். ஒன்பது வருஷமா இந்தத் தொப்பியில விழற வரியெல்லாம் எழுதினது நான்தான். ஆனிபாலுக்கு விழுந்த வரி, அவன் அம்மா பேசினதை நான் ஒட்டுக் கேட்டு எழுதினது. அவன் திருடல. திருடினது நான். என் தங்கச்சி மகளுக்கு நான் எழுதறேன்னே தெரியாது. இதை நீங்க நம்ப மாட்டீங்க. ஆனா அதுதான் நிஜம்."

நம்பவில்லை. முன் வரிசையிலேயே ஒரு கிழவர், "ஆமா ஆமா, தெரியாதாம்" என்றார். பின்னாலிருந்து ஒருத்தி, "அதான் காப்பி அவ்வளவு நல்லா ஆறிச்சு" என்றாள். சிரிப்பு எழுந்தது. மழை தூறத் தொடங்கியதால் நடுவர்கள் அவசரமாக முடித்தார்கள். விதிப்படி யாரிமார் நீக்கம், ஆனிபால் முதல். ஒஸ்வால்டோ தலைவர் பதவியை அங்கேயே விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

ஆனிபாலிடம் போனைத் திருப்பிக் கொடுத்தேன். "மன்னிச்சுக்கப்பா" என்றேன்.

"அம்மாகிட்டச் சொல்லாதீங்க, ஒட்டுக் கேட்டது தெரிஞ்சா ரொட்டிக்கு ரெண்டு மடங்கு விலை வச்சிடுவாங்க" என்றான். அவனுக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை. கோப்பையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவன்போல அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தான்.

மேடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் யாரிமார் கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"மைக்குல சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் பெரியம்மா."

"நீ தடுப்பேன்னு நினைச்சேன்."

அவள் பெட்டியின் கொக்கியை மாட்டினாள். "ஒன்பது வருஷமா நீங்கதான் எழுதறீங்களா?"

"ஆமா."

"ஜனவரியில நான் பேர் குடுக்கறப்ப உங்ககிட்டத்தானே வந்து சொன்னேன்? உங்க அடுப்படியில நின்னுதானே சொன்னேன்? அப்பவே சொல்லியிருந்தா இங்க பேரே குடுத்திருக்க மாட்டேன். கீழ் ஊர்ல ஆகஸ்ட்ல இதே போட்டி நடந்துச்சு. அங்க ஜெயிச்சவனும் டிசம்பருக்குத்தான் போறான். நான் அங்க போய்ப் பாடியிருப்பேன்."

எனக்கு அது தோன்றவே இல்லை. பத்து மாதத்தில் ஒரு நாளும், ஒரு தரமும் தோன்றவில்லை. தாளைத் தலையணைக்கு அடியில் ஒளித்தேன், அதன் மேல் உட்கார்ந்தேன், கைக்குட்டையால் வாயை மூடினேன். இந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நான்தான் எழுதுகிறேன், நீ வேறு ஊரில் பாடு என்று சொல்ல மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

"ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

கமிட்டிக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லியிருக்கலாம். விதி என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"சொன்னா, எந்தெந்த வரின்னு கேப்பியோன்னு நினைச்சேன்."

யாரிமார் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"கேட்டிருக்க மாட்டேன் பெரியம்மா" என்றாள்.

பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மழையில் இறங்கித் தன் அம்மா நின்ற பக்கம் போனாள். அவள் சொன்னதை நான் அந்த நிமிஷமே நம்பினேன். ஜனவரியில் நம்பியிருக்க வேண்டும்.